கசக்காத கஷாயம்

மார்ச் 18, 2020, புதன்

இன்றிலிருந்து விடாமல் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். நாடு போகிற போக்கைப் பார்த்தால், யார் எப்போது எங்கே போனார்கள் என்று நாளைக்கு ஒருவர் வந்து கேட்பார். பதில் சொல்ல இந்த அடுக்ககத்தில் ஓர் ஆளாவது வேண்டும். பொன்மலை ரயில்வே பணிமனை டைம் ஆபீசில் முப்பத்தாறு வருடம் வருகைப் பதிவு பார்த்தவன் நான். சைக்கிள் செயின் கழன்றுவிட்டது என்று சொல்லித் தாமதமாக வருகிறவனின் கையில் கறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவேன்.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். நான் ஒன்றாம் எண். சங்கத்தின் செயலாளரும் நானே. மற்ற வீடுகளைப் பற்றிக் கவலை இல்லை, ஆறாம் எண்தான் உறுத்துகிறது. வாடகைக்கு இருக்கும் கதிரேசனுக்குத் திருச்சி விமான நிலையத்தில் வேலை. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று வந்து இறங்கும் பெட்டிகளைக் கையாளும் பிரிவில் சூப்பர்வைசர். அந்தப் பெட்டிகளில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறதோ! நேற்று மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். பார்த்தேன்.

என் மனைவி தையல்நாயகியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு இளவரசிக்கு ஆறு மாசம். ரெண்டு தடவ கலைஞ்சு இப்பதான் ஒண்ணு தங்கியிருக்கு. பயணம் கியணம்னு எங்கயும் அசையக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதுங்ககிட்ட போய் ஏதாவது ஆரம்பிக்காதீங்க" என்றாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குள் கிருமி வராது என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கல்யாணத்துக்குப் போய்வந்த அலுப்பு தீரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் லண்டன்காரர்கள். நல்ல மனிதர்கள், ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மார்ச் 20, வெள்ளி

உடம்பு லேசாகக் கணகணவென்று இருந்தது. வெயிலில் அலைந்ததுதான் காரணம். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். தையலிடம் சொல்லவில்லை. சொன்னால், கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேனே என்று தொடங்கிவிடுவாள்.

மார்ச் 22, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் மொட்டை மாடியில் கூடிக் கைதட்டினோம். நான் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகத் தலைமை தாங்கினேன். மூன்றாம் எண் வைரக்கண்ணு அண்ணன் எழுபத்தொரு வயதில் விசில் அடித்தார். அவரும் பொன்மலைதான், லோகோ பிரிவில் போர்மேனாக இருந்தவர். அண்ணி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருக்கிறார். கதிரேசன் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எங்களிடமிருந்து பத்தடி தள்ளி, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றான். சும்மா நிற்கிறவன் எதற்கு ஒதுங்கி நிற்க வேண்டும்? இதைக் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

சாம்பாரில் பெருங்காயம் இல்லை.

"போட்டேங்க. எப்பவும் போடுற அளவுதான்."

கட்டியை எடுத்து வரச்சொல்லி மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்புக் கட்டிக்குக்கூட இதைவிட வாசம் இருக்கும். ஊரடங்கு வருமென்று தெரிந்ததும் மளிகைக் கடைக்காரர்கள் மைதாவைப் பிசைந்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். காபித் தூளும் அப்படித்தான். வெந்நீரில் மண்ணைக் கரைத்தது போல இருக்கிறது. மனிதன் சாகக் கிடக்கும்போதும் கலப்படம் செய்கிறார்கள் பாருங்கள்.

மார்ச் 24, செவ்வாய்

இருபத்தொரு நாள் ஊரடங்கு. இனி யாரும் வெளியே போகக் கூடாது. போகிறார்களா என்று பார்ப்பது யார்? நான்தான். ஒரு பெரிய நோட்டு எடுத்துக் கட்டம் போட்டுவிட்டேன். காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நானே வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவேன். பேனாவைச் சணல் கயிற்றில் நோட்டோடு கட்டியாயிற்று. இல்லாவிட்டால் நம் ஆட்கள் பேனாவை வைத்துக்கொள்வார்கள்.

மார்ச் 25, புதன்

முதல் நாள், முழு வருகை. எட்டாம் எண் பத்மாவதி டீச்சர், "உங்கள மாதிரி தெருவுக்கு ஒருத்தர் இருந்தா இந்த நோய் உள்ளயே வராது சார்" என்றார். வைரக்கண்ணு அண்ணன் உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார். அரை மணி நேரம் பழைய கதை. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினால்தான் அவருக்கு நான் பேசுவது கேட்கிறது.

ஆறாம் எண் கதை வேறு. கதவைத் திறந்ததும் கதிரேசன் இரண்டு எட்டு பின்னால் போனான். "நோட்ட அந்த ஸ்டூல்ல வச்சிருங்க சார். என்கிட்ட பேனா இருக்கு." என் பேனாவைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் வாசல் வரை கேட்டது. நான் என்ன குஷ்டரோகியா?

மார்ச் 27, வெள்ளி

சங்கத்தின் சார்பில் கபசுரக் குடிநீர். நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கால் பங்காக வற்றும்வரை நானே அடுப்படியில் நின்று காய்ச்சினேன். கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். சுத்தமாகக் கசக்கவில்லை. மருந்துக் கடைக்காரனும் ஆரம்பித்துவிட்டான்! இன்னொரு பொட்டலத்தை உடைத்துக் கொட்டிக் காய்ச்சி மறுபடி குடித்தேன். அப்போதும் வெந்நீர்தான். இருக்கிற சத்தாவது போய்ச் சேரட்டும் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆனால் இந்தக் கட்டடத்து ஆட்களின் நடிப்பைச் சொல்ல வேண்டும். வைரக்கண்ணு அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "யோவ் சிங்காரம், என்னைய ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாக்குறியா? இந்தக் கசப்பு கசக்குது!" என்று கண்ணில் தண்ணீர் விட்டார். டீச்சர் வாஷ்பேசினுக்கு ஓடினார். "சும்மா பாசாங்கு பண்ணாதீங்க, நான் ரெண்டு கரண்டி குடிச்சுட்டு நிக்குறேன்" என்று அவர்கள் எதிரிலேயே இன்னொரு கரண்டி குடித்துக் காட்டினேன். பிறகு அதே கரண்டியால் எல்லோருக்கும் ஊற்றினேன்.

கதிரேசன் வாங்கவில்லை. "மாசமா இருக்கிறவங்களுக்கு டாக்டர் வேண்டாம்னுட்டாங்க சார்" என்றான். பிறகு என்னையே பார்த்துவிட்டு, "உங்களுக்கு நெஜமா கசக்கலையா சார்? உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டான். எகத்தாளத்தைப் பாருங்கள்! விமான நிலையத்தில் பெட்டி தொடுகிறவன் என் உடம்பை விசாரிக்கிறான்.

மார்ச் 28, சனி

ஆறாம் எண் கதவில் ஒரு துண்டுச்சீட்டு: "இருவரும் வீட்டில் இருக்கிறோம். கதிரேசன், காலை 10." இனிமேல் கதவைத் திறக்கமாட்டானாம். கட்டத்தில் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

தையல் இரண்டு முறை இருமினாள். தாளிப்பு நெடி என்கிறாள். எனக்கு ஒரு நெடியும் வரவில்லையே!

ஏப்ரல் 3, வெள்ளி

வைரக்கண்ணு அண்ணனுக்குக் காய்ச்சல். டீச்சருக்குத் தொண்டை வலி. படிக்கட்டில் நின்று யோசித்தேன். வெளிநாட்டுப் பெட்டி தொட்டவன் ஒருவன், ஒதுங்கி நிற்பவன் ஒருவன், கதவைத் திறக்காதவன் ஒருவன். மூவரும் ஒரே ஆள். இதற்குமேல் என்ன வேண்டும்? சுகாதாரத் துறை உதவி எண்ணுக்கு அடித்து ஆறாம் எண்ணைச் சொன்னேன். இருமல் சத்தம் கேட்டதா என்றார்கள். கேட்டது என்றேன். யாரோ இருமியது கேட்டதுதானே.

ஏப்ரல் 4, சனி

ஆறாம் எண் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள்: "தனிமைப்படுத்தப்பட்ட வீடு. உள்ளே நுழையாதீர்." பால்காரனை அந்த மாடிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் கதிரேசனை நீக்கினேன். உள்ளே இருந்துகொண்டு நாம் பேசுவதைக் கேட்க வேண்டாம்.

மாலையில் இளவரசி பால்கனியில் நின்று தையலைக் கூப்பிட்டு அழுதாளாம். இந்த ஸ்டிக்கரைப் பார்த்து ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு இப்போது வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். தையல் என்னிடம் இன்று பேசவில்லை. எல்லோருடைய நன்மைக்கும்தானே செய்தேன்?

ஏப்ரல் 6, திங்கள்

வைரக்கண்ணு அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது என்று காலை எட்டே காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. கவச உடை போட்டவர்கள் தூக்கிப் போனார்கள். என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். வாய் எதையோ சொன்னது, கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

எல்லோருக்கும் செய்த பரிசோதனையின் முடிவு வந்தது. வைரக்கண்ணு அண்ணனுக்கு உண்டு. டீச்சருக்கு உண்டு. தையலுக்கு உண்டு.

எனக்கு இல்லை. கதிரேசனுக்கும் இளவரசிக்கும் இல்லை.

தையலை மதியம் அழைத்துப் போனார்கள். ஒரு பையில் இரண்டு புடவையும் சீப்பும் வைத்துக்கொண்டாள். "பாலக் காய்ச்சி வச்சிருக்கேன், தயிருக்கு உறை ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். தெருமுனையை மூங்கில் கட்டித் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள்.

ஆறாம் எண்ணுக்கு இல்லை என்பது எப்படி? பரிசோதனையில் ஏதோ கோளாறு. டீச்சர் வார்டிலிருந்து குழுவில் எழுதியிருக்கிறார்: "அவங்களுக்கு வந்துட்டு சரியாயிருக்கும். நம்ம தலையில கட்டிட்டு அவங்க தப்பிச்சுட்டாங்க." சரிதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 11, சனி

தையல் போன் செய்தாள். இருமலுக்கு நடுவே பேசினாள்.

"டாக்டர் வந்தாரு. வாசனை தெரியுதா, ருசி தெரியுதான்னு கேட்டாரு. ரெண்டு நாளா ஒண்ணும் தெரியலன்னேன். அதுவும் இந்த நோயோட அடையாளமாம்."

"சரி."

"உங்களுக்குப் போன மாசமே தெரியலையே."

"அது கடைக்காரன் பண்ண கலப்படம்."

"அதே பெருங்காயத்தத்தான் இங்க வர்ற வரைக்கும் போட்டேன். நல்லாத்தான் மணந்துச்சு. நீங்க கத்துவீங்கன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். குப்பென்று முகத்தில் அடித்தது. பொட்டலத்தின் அடியில் ஒட்டியிருந்த கபசுரப் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உச்சந்தலை வரை கசந்தது. தண்ணீர் குடித்தும் போகவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

இந்த நோட்டை மார்ச் பதினெட்டிலிருந்து உட்கார்ந்து படித்தேன். லண்டன்காரர்கள். மாத்திரை. அரை மணி நேர டீ. அதே கரண்டி. எல்லாம் தேதிவாரியாக, என் கையெழுத்தில். வேறு யாராவது இதை எழுதியிருந்தால் முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பேன்.

வைரக்கண்ணு அண்ணனுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு. ஒன்றும் சமைக்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

சுகாதார ஆய்வாளர் முற்றத்தில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராக விசாரித்தார். முதலில் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று கேட்டார். வாயைத் திறந்தேன். பக்கத்தில் நாலாம் எண்காரர் நின்றுகொண்டிருந்தார். "சரியாத் தெரியல சார்" என்றேன். சைக்கிள் செயின் கதை சொன்னவர்கள் எல்லோரும் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஏப்ரல் 24, வெள்ளி

தையல் வீட்டுக்கு வந்துவிட்டாள். பாதியாக இளைத்திருக்கிறாள். வைரக்கண்ணு அண்ணனுக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்களாம், அடுத்த வாரம் வருவார். சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். தையல் பார்த்தாள்.

ஏப்ரல் 27, திங்கள்

தையல் கொண்டு வந்த சேதி. ஆறாம் எண் வீட்டின் உரிமையாளர் கரூரில் இருக்கிறார். டீச்சரும் நாலாம் எண்காரரும் அவரிடம் போனில் பேசி, இந்தக் குடும்பம் இருந்தால் நாங்கள் யாரும் இங்கே குடியிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மே நாலாம் தேதி தடுப்பை எடுக்கிறார்கள், அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இளவரசியின் தாய் வீடு ஜெயங்கொண்டம் பக்கம். இந்த வெயிலில், அந்த ரோட்டில், எட்டாவது மாதத்தில்.

"அந்தப் புள்ளைக்கு வழியில ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள் தையல்.

நான் இந்த நோட்டை எடுத்து மூடி வைத்தேன்.

"நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

ஏப்ரல் 29, புதன்

சொல்லிவிட்டேன். காலையில் நாலு தடவை எழுதி அழித்து, ஐந்தாவது தடவை குழுவில் போட்டேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"அனைவருக்கும் வணக்கம். இந்த நோயைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தது நான். மார்ச் 15 சென்னைக் கல்யாணத்துக்குப் போனேன். 20ஆம் தேதி காய்ச்சல் வந்ததை மறைத்தேன். வாசனையும் ருசியும் போனது தெரியாமல் உங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்தேன். ஆறாம் எண்ணைப் பற்றி உதவி எண்ணுக்குப் பொய் சொன்னதும் நான். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர்களைப் போகச் சொல்ல வேண்டாம். மன்னிக்கவும். சிங்காரவேலு, செயலாளர்."

வசவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். நேராக வந்து அடித்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து டீச்சர் எழுதினார்: "உங்களுக்கு இருக்கிற பெரிய மனசு யாருக்கு வரும் சார்! ஒரு கர்ப்பிணிக்காக இவ்வளவு பெரிய பழியைச் சுமக்கிறீங்க. ஆனா நாங்க குழந்தைங்க இல்ல." நாலாம் எண்: "டெஸ்டுல உங்களுக்குத்தான் இல்லைன்னு வந்துதே சார்." அவர்களுக்கும் இல்லை என்றுதான் வந்தது என்று எழுதினேன். "அது வேற, இது வேற" என்று பதில் வந்தது. இரண்டாம் எண்ணிலிருந்து பூங்கொத்துப் படம்.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வைரக்கண்ணு அண்ணனின் குரல் பதிவு. இன்னும் இளைப்பு இருக்கிறது. "யோவ் சிங்காரம், நீ மனுஷன்யா. ஆனா அடுத்தவன் பண்ணுனத உன் தலையில தூக்கிப் போட்டுக்காதய்யா. உன்ன எனக்கு நாப்பது வருசமாத் தெரியும்."

கரூர்க்காரருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "டீச்சர் சொன்னாங்க சார், நீங்க இப்படித்தான் பேசுவீங்கன்னு. இரக்க சுபாவம். ஆனா எனக்கு மத்த ஏழு வீட்டுக்காரங்களும் வேணுமில்ல?"

ஏப்ரல் 30, வியாழன்

ஆறாம் எண்ணுக்குப் படியேறிப் போனேன். இரண்டு எட்டு தள்ளி நின்றேன். கதிரேசன் கதவைத் திறந்தார். பின்னால் அட்டைப் பெட்டிகள், பாதி கட்டியபடி. இளவரசி சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"நான்தான்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். கசக்கலன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு. வாசனை போறது பத்தி எங்கயோ படிச்சிருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி."

"யார்கிட்ட சார்? உங்ககிட்டயா?"

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்காரரிடம் மறுபடி பேசுகிறேன், போலீஸ் ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இதுக்கு மேல இங்க இருந்தா இவ தூங்கமாட்டா சார். படிக்கட்டுல யாரு நடந்தாலும் எந்திரிச்சு உக்காந்துக்கறா. வர்றது நீங்கதான்னு நெனச்சு."

இளவரசி கண்ணை மூடிக்கொண்டாள். நான் சத்தம் வராமல் இறங்கினேன்.

மே 4, திங்கள்

பாஸ் வாங்கிய கார் காலை ஒன்பது இருபதுக்கு வந்தது. பின் சீட்டில் தலையணைகளை அடுக்கி, இளவரசியை மெல்லப் படுக்க வைத்தார் கதிரேசன். தையல் ஒரு பாட்டிலில் மோரும் எலுமிச்சம்பழமும் கொடுத்தாள். பால்கனிகளில் எல்லோரும் நின்றார்கள். யாரும் கையசைக்கவில்லை. நான் கேட்டைத் திறந்துவிட்டேன். "மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றேன். கதிரேசன் டிரைவரிடம் அதைச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினார். 9.40க்குக் கார் கிளம்பியது.

மாலையில் டீச்சர் குழுவில் எழுதியிருந்தார்: "நம் கட்டடத்தைக் காப்பாற்றிய செயலாளர் சார் அவர்களுக்கு நம் அனைவரின் சார்பில் நன்றி." மற்ற ஐந்து வீடுகளிலிருந்தும் கைகூப்பும் படங்கள். மறுபடி எழுதினேன், நான் எழுதியது சத்தியம் என்று. அதற்கும் கைகூப்பும் படங்களே வந்தன. யாரை நம்ப வேண்டும், யாரை நம்பக் கூடாது என்று இவர்களுக்கு இரண்டு வேளையும் வாசலில் நின்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

மே 5, செவ்வாய்

காலையிலிருந்து கதிரேசன் எண்ணுக்கு நான்கு முறை அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. தையலின் போனிலிருந்து அடிக்கலாம். அவளிடம் கேட்டேன். "வேணாம். போன்ல வர்ற என் பேரையாவது அதுங்க நம்பட்டும்" என்றாள்.